காலை 5 மணிக்கு கிரவுண்டு, இரவு 11 மணிக்கு ஹோம்வொர்க்: விளையாடும் டீன்ஏஜ் பிள்ளைகளின் தூக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

காலை 4.45 மணிக்கு அலாரம். 5.30 மணிக்கு மைதானம். 8.45 மணிக்கு பள்ளி. சாயங்காலம் மறுபடியும் ஒரு மணி நேரம் பயிற்சி, அப்புறம் டியூஷன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, கொஞ்ச நேரம் போன் பார்த்துவிட்டுப் படுக்கும்போது மணி 11.

தடகளம், கபடி, வாலிபால், நீச்சல், கிரிக்கெட் என ஏதோ ஒரு விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பல பிள்ளைகளின் ஒரு நாள் இப்படித்தான் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கம் 6 மணி நேரம்கூட வரவில்லை.

மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் என்று பெரிய கனவுகளோடுதான் பெற்றோர் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்புகிறார்கள். ஆனால் அந்தக் கனவுக்குத் தேவையான உடம்பு, தூங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் சரிசெய்யப்படுகிறது. தூக்கம் குறைந்தால் உயரம் குறையுமா? காயம் கூடுமா? எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.
* வளர்ச்சி ஹார்மோனின் மிகப் பெரிய அலை, நாம் ஆழ்ந்து தூங்கத் தொடங்கும்போதுதான் சுரக்கிறது.
* ஓரிரு நாள் தூக்கம் கெட்டால் உயரம் நின்றுவிடாது. அதிகம் தூங்கினால் பரம்பரையைத் தாண்டி வளரவும் முடியாது.
* ஆனால், தொடர்ந்து தூக்கம் குறையும் இளம் வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எலும்பு எந்த இடத்தில் வளர்கிறது?

நம் கை, கால் எலும்புகள் ரப்பர் மாதிரி எல்லா இடத்திலும் நீள்வதில்லை. ஒவ்வொரு நீண்ட எலும்பின் முனைக்குப் பக்கத்திலும் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. இதை 'வளர்ச்சித் தட்டு' என்கிறார்கள். இங்கே உள்ள குருத்தெலும்பு செல்கள் பெருகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி எலும்பாக மாறுகின்றன. அப்படித்தான் கால் நீள்கிறது, ஆள் உயர்கிறார்.

பருவ வயதின் கடைசியில் இந்தத் தட்டுகள் மூடிக்கொள்ளும். பெண் பிள்ளைகளுக்கு முன்னதாகவும், ஆண் பிள்ளைகளுக்கு சுமார் 2 ஆண்டுகள் தள்ளியும் இது நடக்கும். மூடிய பிறகு எந்த மாத்திரையாலும், எந்தப் பவுடராலும், எந்த உடற்பயிற்சியாலும் உயரத்தைக் கூட்ட முடியாது.

ஜூனியர் கிரிக்கெட்டில் பிள்ளைகளின் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து வயதைச் சரிபார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்திய கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு இந்தச் சோதனையைச் செய்கிறது. அந்தப் படத்தில் பார்ப்பது, எலும்பு எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது, வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கிறதா என்பதைத்தான்.

தூங்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. இது குழாயைத் திறந்துவிட்டது போல நாள் முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. அலை அலையாக வரும். உடற்பயிற்சி செய்யும்போதும் ஓர் அலை வரும். ஆனால் வழக்கமாக 24 மணி நேரத்தில் மிகப் பெரிய அலை, தூங்க ஆரம்பித்த சிறிது நேரத்தில், முதல் ஆழ்ந்த தூக்கத்தோடு சேர்ந்து வருகிறது.

1968-லேயே இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். தூங்கும் நபர்களின் ரத்தத்தைச் சீரான இடைவெளியில் எடுத்துப் பார்த்தபோது, தூக்கம் தொடங்கியதும் வளர்ச்சி ஹார்மோன் அளவு கிடுகிடுவென ஏறியது. படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் அந்த அலையும் தள்ளிப்போனது. அதாவது அது கடிகாரத்தை மட்டும் பார்த்து வரவில்லை, தூக்கத்தைப் பார்த்து வருகிறது.

இந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய், ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வளர்ச்சித் தட்டில் வேலை செய்கின்றன. தசையில் புதுப் புரதம் சேரவும், பயிற்சியில் களைத்த திசுக்கள் சரியாகவும் இவை உதவுகின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பருவ வயதைத் தொடங்கி வைக்கும் ஹார்மோன் சமிக்ஞைகளும் முதலில் தூக்கத்தில்தான் கூடுகின்றன. பருவம் எய்தத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எல்ஹெச் என்ற ஹார்மோன் இரவுத் தூக்கத்தின்போது உயர்வதை 1970-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மீசை அரும்புவதற்கும் குரல் உடைவதற்கும் முன்னால், உடம்பு தன் வேலையை இரவில் ஆரம்பித்துவிடுகிறது.

சுவாரஸ்யமான ஓர் ஆய்வும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்டுக்குட்டிகளின் கால் எலும்பில் நுண்ணிய அளவுகோல் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். எலும்பு நீண்டதில் குறைந்தது 90 சதவீதம், குட்டிகள் படுத்திருந்த நேரத்தில்தான் நடந்திருந்தது. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடல் எடை வளர்ச்சித் தட்டை அழுத்துகிறது, படுக்கும்போது அந்த அழுத்தம் விலகுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2004-ல் வெளியான இந்த முடிவை அப்படியே மனிதர்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் 'ஓய்வும் வளர்ச்சியின் ஒரு பகுதி' என்று புரிந்துகொள்ள உதவும்.

அப்போ, கம்மியா தூங்கினா குட்டையா போயிடுவாங்களா?

பெற்றோர் ரொம்ப பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். நேரடியான பதில்: ஆரோக்கியமான பிள்ளைக்கு ஓரிரு நாள் தூக்கம் கெட்டதால் உயரம் குறையாது.

ஒருவரின் உயரத்தைப் பெருமளவு முடிவு செய்வது மரபணு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், வசதியான சூழலில் வளர்பவர்களிடையே காணப்படும் உயர வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு மரபணுவே காரணம் என்கின்றன. மிச்சத்தில் சாப்பாடு, சிறுவயதில் வந்த நோய்கள் போன்றவை அடங்கும்.

உடம்புக்குத் தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும் திறமையும் இருக்கிறது. பிரான்ஸில் இளம் ஆண்களை ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்து ஆய்வு செய்தார்கள். இரவில் வர வேண்டிய பெரிய ஹார்மோன் அலை வரவில்லை. ஆனால் மறுநாள் பகலில் சுரப்பு கூடியதால், 24 மணி நேர மொத்த அளவு கிட்டத்தட்ட அதேதான் இருந்தது. இந்த முடிவு 2000-ல் வெளியானது.

எனவே 'இன்னைக்கு லேட்டா படுத்தா ஒரு இன்ச் போச்சு' என்று பிள்ளைகளை மிரட்டத் தேவையில்லை. அதே மாதிரி, '10 மணி நேரம் தூங்கினால் 6 அடி வளரலாம்' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

தூக்கக் கோளாறு வளர்ச்சியை நேரடியாகப் பாதிக்கும் சூழலும் உண்டு. டான்சில், அடினாய்டு சதை பெரிதாகி, தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் பிள்ளைகள் சிலருக்கு வளர்ச்சி மந்தமாக இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் மறுபடி வேகமாக வளர்வதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். தினமும் சத்தமாகக் குறட்டை விடும் பிள்ளையை, 'அசந்து தூங்குறான்' என்று விட்டுவிடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

உயரம் குறையாதுன்னா பிறகு ஏன் கவலைப்படணும்?

காரணம், காயம். இளம் வீரர்களைப் பொறுத்தவரை தூக்கக் குறைவின் முதல் விலை பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பள்ளியைச் சேர்ந்த 112 மாணவ வீரர்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. இவர்கள் 7 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்கள். சராசரி வயது 15. இரவில் சராசரியாக 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு அதிகமாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, தனி கோச் உண்டா, எடைப் பயிற்சி உண்டா என்பதையெல்லாம் கேட்டார்கள். அவற்றுக்கும் காயத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. தூக்கமும், எந்த வகுப்பில் படிக்கிறார் என்பதும்தான் தொடர்புடையதாக வெளிப்பட்டன. மேல் வகுப்புக்குப் போகப் போக காயம் கூடியது.

2017-ல் ஸ்வீடனில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. உயர்மட்ட அளவில் விளையாடும் 340 பள்ளி வீரர்களிடம் நடத்தப்பட்டது. வார நாட்களில் 8 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த ஆய்வுகள் தூக்கத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டுகின்றன. தூக்கக் குறைவு மட்டுமே காயத்தை உண்டாக்கியது என்று இவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எவ்வளவு தூங்கினோம் என்பதையும் மாணவர்களே சொன்னார்கள், யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், சுதாரிக்கும் நேரம் கூடும், தசை முழுதாகச் சரியாகாது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கபடியில் ஒரு நொடி தாமதமாகக் காலை எடுத்தால் என்ன ஆகும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

கிடுகிடுவென வளரும் அந்த ஒரு வருஷம்

எல்லா வயதிலும் ஆபத்து ஒரே மாதிரி இருப்பதில்லை. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் சராசரியாக 14 வயதிலும் மிக வேகமாக வளர்கிறார்கள். அந்த உச்ச வருஷத்தில் பெண் பிள்ளைகள் சுமார் 8 செ.மீ., ஆண் பிள்ளைகள் 9 முதல் 10 செ.மீ. வரை உயரலாம். ஜூன் மாதம் வாங்கிய பள்ளி பேன்ட் தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறுவது இந்தக் காலத்தில்தான்.

இந்த நேரத்தில் எலும்பு முதலில் நீண்டுவிடும். அதில் கால்சியம் முழுதாகச் சேர்ந்து கெட்டிப்பட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு ஒப்பீட்டளவில் பலவீனமாக இருக்கும். முன்கை எலும்பு முறிவுகள் இந்த வயதில் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

வளர்ச்சித் தட்டும் பக்கத்திலுள்ள கெட்டி எலும்பைவிட மென்மையானது. திரும்பத் திரும்ப ஓடுவதும் குதிப்பதும், தசைநார் எலும்போடு சேரும் இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு வலிப்பது, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது ஆகிய இரண்டும் இந்த வயது வீரர்களுக்கு அடிக்கடி வரும் தொந்தரவுகள். 'வளர்ற வயசுல வலி சகஜம்தான்' என்று ஓடவிட்டால் வலி நீண்டுவிடும்.

உடம்பு ஒரே நேரத்தில் வளரவும் வேண்டும், பயிற்சியில் களைத்ததைச் சரிசெய்யவும் வேண்டும் என்ற இந்த வருஷத்தில்தான் 9-ம் வகுப்பும் 10-ம் வகுப்பும் வருகின்றன. பயிற்சியும் கூடுகிறது, படிப்பும் கூடுகிறது. வெட்டு விழுவது தூக்கத்துக்கு.

தூங்கினால் ஆட்டம் முன்னேறுமா?

முன்னேறும் என்பதற்கு ஓர் உதாரணம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி. அங்கே 11 வீரர்களிடம், 5 முதல் 7 வாரங்களுக்கு தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயற்சி செய்யச் சொன்னார்கள். வேகமும் துல்லியமும் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள்.

குறிப்பிட்ட தூரத்தை ஓடி முடிக்க முன்பு சராசரியாக 16.2 வினாடி ஆனது. பிறகு 15.5 வினாடியாகக் குறைந்தது. ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதமும், மூன்று புள்ளி ஷாட் துல்லியம் 9.2 சதவீதமும் கூடின. இந்த முடிவுகள் 2011-ல் வெளியாகின. இவர்கள் கல்லூரி வீரர்கள், எண்ணிக்கையும் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இருந்தாலும் கூடுதல் தூக்கம் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

பயிற்சியில் கற்ற நுட்பம் மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். விரல்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டக் கற்றுக்கொண்டவர்கள், இடையில் பயிற்சி ஏதும் இல்லாமலேயே, ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். இது 2002-ல் வெளியான ஆய்வு. புதுசா கத்துக்கிட்ட சர்வீஸோ, பவுலிங் ஆக்‌ஷனோ மறுநாள் கொஞ்சம் இயல்பாக வருவதை வீரர்களே கவனித்திருப்பார்கள்.

எத்தனை மணி நேரம் தூங்கணும்?

அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரை இது:

* 6 முதல் 12 வயது: 9 முதல் 12 மணி நேரம்
* 13 முதல் 18 வயது: 8 முதல் 10 மணி நேரம்

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்டது. தினமும் கடுமையாகப் பயிற்சி செய்யும் பிள்ளை, இந்த அளவின் மேல்பக்கத்தில், அதாவது 9 மணி நேரத்தை ஒட்டி இருப்பது நல்லது.

'படுக்கையில் இருந்த நேரம்' வேறு, 'தூங்கிய நேரம்' வேறு. 10 மணிக்குப் படுத்து 11 மணி வரை ரீல்ஸ் பார்த்தால், கணக்கு 11 மணியில் இருந்துதான் ஆரம்பம்.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலும், கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டியும் வரும். அதனால் 'முதல் 5 மணி நேரம் நல்லா தூங்கிட்டா போதும்' என்ற கணக்கும் சரியில்லை. கடைசி 2 மணி நேரத்துக்கும் அதற்கான வேலை இருக்கிறது.

'சீக்கிரம் படுன்னா படுக்கவே மாட்டேங்குறான்'... இது அடமா?

முழுக்க அடம் இல்லை. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், பருவ வயதில் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. 10 வயதில் 9 மணிக்குக் கண் சொருகிய அதே பிள்ளைக்கு, 15 வயதில் 11 மணி வரை தூக்கம் வராமல் இருக்கலாம். அந்தப் பிள்ளையை 4.45 மணிக்கு எழுப்பும்போது, உடம்பைப் பொறுத்தவரை அது இன்னும் நடுராத்திரிதான்.

இதை உணர்ந்துதான் அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல், நடுநிலை மற்றும் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-ல் இருந்து 8.45-க்கு மாற்றியது. கையில் கட்டும் கருவி மூலம் அளந்ததில், மாணவர்களின் தினசரித் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியா மாகாணம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்து, 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது.

நம் ஊரில் பள்ளி மணி பெரிய பிரச்சினை இல்லை. பள்ளிக்கு முன்னால் இருக்கும் பயிற்சியும், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் டியூஷனும்தான் பிரச்சினை.

அப்போ காலை 5 மணி பயிற்சியே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நம் வெயிலில் காலை 8 மணிக்கு மேல் ஓடுவது கஷ்டம். பல ஊர்களில் மைதானம் காலையில்தான் கிடைக்கும். கோச்சுக்கும் வேறு வேலை இருக்கும். காலைப் பயிற்சி இருக்கட்டும், அதற்கேற்றபடி முந்தைய இரவு மாற வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டினால்தான் சிக்கல்.

ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம்.

* இப்போது: 6 நாளும் இரவு 11 மணிக்குத் தூங்கி 4.45-க்கு எழுந்தால் தினமும் 5 மணி 45 நிமிடம். ஞாயிறு 8 மணி நேரம். மொத்தம் வாரத்துக்கு 42.5 மணி நேரம்.
* மாற்றினால்: வாரத்தில் 3 நாள் மட்டும் காலைப் பயிற்சி. அந்த நாட்களில் இரவு 9.30-க்குத் தூங்கி 5.30-க்கு எழுந்தால் 8 மணி நேரம். மற்ற 3 நாள் மாலைப் பயிற்சி. இரவு 10 மணிக்குத் தூங்கி காலை 6.30-க்கு எழுந்தால் 8.5 மணி நேரம். ஞாயிறு 9 மணி நேரம். மொத்தம் 58.5 மணி நேரம்.

வித்தியாசம் 16 மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு முழு இரவுத் தூக்கம்!

இதற்கு விலை இல்லாமல் இல்லை. காலைப் பயிற்சி 45 நிமிடம் தள்ளித் தொடங்க வேண்டும். ஒரே நாளில் காலை, மாலை என இரண்டு பயிற்சி கூடாது. காலைப் பயிற்சிக்கு முந்தைய இரவில் டியூஷன் இருக்கக்கூடாது. இதைப் பிள்ளையால் தனியாக முடிவு செய்ய முடியாது. அம்மா, அப்பா, கோச், டியூஷன் டீச்சர் நாலு பேரும் ஒருமுறை பேசினால்தான் நடக்கும். கோச்சிடம் 'பையன் டயர்டா இருக்கான்' என்று சொன்னால் சாக்கு மாதிரி தெரியலாம். 'வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் தூங்குறான்' என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தூக்கம் மட்டும் போதுமா?

போதாது. சாப்பாடு இல்லாமல் தூக்கத்தால் மட்டும் எதையும் கட்ட முடியாது. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்விலும், பரிந்துரைத்த அளவுக்குச் சத்தான உணவு சாப்பிட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது.

முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் என வீட்டில் கிடைக்கும் புரதமே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். பயிற்சி முடிந்து வெறும் டீ, பிஸ்கட்டோடு பள்ளிக்கு ஓடுவதுதான் பெரிய ஓட்டை. ஒரு வாழைப்பழமும் இரண்டு அவித்த முட்டையும் டிபன் பாக்ஸில் இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். செய்யும் பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாவிட்டால், உடம்பு மாதவிடாயை நிறுத்தி, எலும்பு வளர்ச்சியையும் குறைத்து சக்தியை மிச்சப்படுத்தப் பார்க்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்தது. ஆண் வீரர்களுக்கும் இது வரும் என்றும் சொன்னது. 'பீரியட்ஸ் வராதது பிராக்டிஸுக்கு வசதி' என்று நினைப்பது ஆபத்து. பயிற்சி முடித்து வந்தும் வீட்டு வேலை காத்திருக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தூக்கம் இன்னும் குறைகிறது என்பதையும் வீட்டில் யோசிக்க வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றி யாராவது பேச்செடுத்தால் உஷார். ஹார்மோன் குறைபாடு போன்ற சில நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மருந்து அது. விளையாட்டில் ஊக்கமருந்தாகத் தடை செய்யப்பட்டது. பிள்ளையின் உடம்பும் கெடும், விளையாட்டு வாழ்க்கையும் முடியும்.

இன்றைக்கே வீட்டில் செய்யக்கூடியவை

* போன் தனியாகத் தூங்கட்டும்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிடுங்கள். அலாரத்துக்குச் சாதாரண கடிகாரம் போதும். இந்த விதி அப்பா, அம்மாவுக்கும் இருந்தால்தான் பிள்ளை கேட்கும்.
* மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்: உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு எந்த நேரத்திலும் தேவையில்லை.
* குட்டித் தூக்கம்: மதியம் 20 முதல் 30 நிமிடம் தூங்கினால் புத்துணர்ச்சி கிடைக்கும். சாயங்காலம் 6 மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும்.
* ஞாயிற்றுக்கிழமை: வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். 11 மணி வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை அவதி.
* அறையின் சூடு: உடல் வெப்பம் லேசாகக் குறையும்போதுதான் தூக்கம் வரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது உதவும். மொட்டை மாடி வெயிலை உள்ளே இறக்கும் அறையைவிட, காற்று வரும் ஹாலில் பாய் விரித்துப் படுப்பது மேல்.
* வெளியூர் போட்டி: முடிந்தால் போட்டி அன்று காலையில் போய் இறங்காமல், முந்தைய நாளே போய்விடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், பயணத்துக்கு முந்தைய 3, 4 நாட்களாவது நன்றாகத் தூங்கட்டும்.
* சுவரில் ஒரு கோடு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். திடீரென வேகமாக வளர்வது தெரிந்தால் கோச்சிடம் சொல்லி, குதிக்கும் பயிற்சிகளையும் எடையையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* தினமும் சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.
* 8, 9 மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி விழுவது.
* பருவ வயதுக்கு முன் ஒரு வருஷத்துக்கு 4 செ.மீ.கூட வளராதது.
* பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காதது, 15 வயதாகியும் பூப்படையாதது, அல்லது வந்துகொண்டிருந்த மாதவிடாய் 3 மாதம் வராமல் இருப்பது.
* ஆண் பிள்ளைக்கு 14 வயதாகியும் பருவ மாற்றம் எதுவும் தொடங்காதது.
* ஒரே இடத்தில் 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, நொண்டி நடப்பது.

முதலில் குழந்தை நல மருத்துவரைப் பார்த்தால் போதும். தேவையென்றால் அவரே ஹார்மோன் நிபுணரிடமோ, எலும்பு மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்புவார்.

கடைசியாக...

பள்ளி விளையாட்டு வாழ்க்கை மொத்தமே ஐந்தாறு வருஷம்தான். அதில் ஒரு சீசன் காயத்தால் போனால், கூடுதலாகச் செய்த எந்தப் பயிற்சியாலும் அதைத் திருப்ப முடியாது. பயிற்சி உடம்புக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. அந்த வேலையை உடம்பு முடிப்பது இரவில். எனவே பயிற்சி அட்டவணை போடும்போது, காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதோடு, இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

*(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு உடல்நலப் பிரச்சினை இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.)*